மூன்றாம் நாளில் கரு ஏன் நின்றுவிடுகிறது?

பெங்களூரில் ஐ.வி.எஃப். சிகிச்சைக்குப் போகும் தமிழ்த் தம்பதிகள் கையில் ஒரு கட்டத்தில் ஒற்றைத் தாள் வந்து சேரும். எடுத்த முட்டை 11, முதிர்ந்தவை 9, கருவுற்றவை 7, மூன்றாம் நாளில் 7, ஐந்தாம் நாளில் 2 என்று ஒரு தாளை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மீதி ஐந்துக்கு எதிரே "அரெஸ்ட்", அதாவது வளர்ச்சி நின்றது, என்று எழுதியிருக்கும். மூன்றாம் நாள் காலையில் தொலைபேசியில் "எல்லாம் நல்லா வளருது" என்றவர்கள் ஐந்தாம் நாளில் இப்படிச் சொன்னால் குழம்பாமல் என்ன செய்வது? வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். பஸ்ஸில் வந்ததாலா, பப்பாளி தின்றதாலா, மாடிப்படி ஏறியதாலா? ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த ஐந்து நாளும் கரு இருந்தது ஆய்வகத்தின் இன்குபேட்டரில். அதற்கு முந்தைய பஸ்ஸும் பப்பாளியும் மூன்றாம் நாள் பார்த்து வேலையைக் காட்டுவதில்லை.

அந்த நிறுத்தம் ஏன் அந்த நேரத்தில் வருகிறது என்பதற்கு விடை மரபணுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எந்த மரபணு, எப்போது, எந்தச் செல்லில், எவ்வளவு நேரம் வேலை செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். இந்த ஏற்பாட்டின் முதல் சில மணி நேரத்தை மட்டுமே ஆராய்ந்து ஆயுளைக் கழித்த மரபியலாளர்கள் உண்டு. அவர்கள் கண்டது தெரிந்தால் அந்தத் தாள் புரியும்.

தாளில் உள்ள நாட்கள்

கருவுறச் செய்த நேரத்திலிருந்து மணிக்கணக்கில் எண்ணுவார்கள்.

1. 16 முதல் 18 மணி: முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் தெரிய வேண்டும், தாயினது ஒன்று, தந்தையினது ஒன்று. தாளில் இது "2பிஎன்".
2. சுமார் 44 மணி: 4 செல்.
3. சுமார் 68 மணி: 8 செல். இதுதான் மூன்றாம் நாள்.
4. சுமார் 92 மணி: செல்கள் ஒன்றோடொன்று இறுகி ஒரே உருண்டையாகும். இது மொருலா.
5. சுமார் 116 மணி: உள்ளே நீர் கோத்த பிளாஸ்டோசிஸ்ட். கிட்டத்தட்ட நூறு செல். ஓரத்துச் செல்கள் நஞ்சுக்கொடிக்கும், உள்ளே ஒட்டியிருக்கும் கொத்து குழந்தைக்கும் போகும்.

நன்றாக நடக்கும் ஆய்வகத்திலும் கருவுற்றவற்றில் பாதியளவே ஐந்தாம் நாளைத் தொடும். ஏழில் மூன்றோ நான்கோ வந்தால் வழக்கமான கணக்கு. இரண்டு என்பது குறைவு, ஆனால் அசாதாரணமல்ல. நிற்பவற்றில் பெரும் பங்கு 4 செல்லுக்கும் மொருலாவுக்கும் இடையில் நிற்கிறது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

கட்டிக் கொடுத்த சோறு

"கட்டிக் கொடுத்த சோறும் கற்றுக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்பார்கள். மனிதக் கருவைப் பொறுத்தவரை சோற்றுக்கு விடை உண்டு: சுமார் மூன்று நாள்.

டி.என்.ஏ.வில் உள்ள ஒரு மரபணு வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அதை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்க வேண்டும். அந்தப் படியைப் பார்த்துத்தான் செல் புரதம் செய்யும். சினைப்பையில் வளரும்போதே முட்டை ஆயிரக்கணக்கான மரபணுக்களைப் படியெடுத்து, ஆர்.என்.ஏ.வாகவும் புரதமாகவும் சேர்த்துவைத்துக்கொள்கிறது. முழு வளர்ச்சி அடைந்ததும் படியெடுப்பதை நிறுத்திவிடுகிறது. கருவுற்ற பிறகு நடக்கும் முதல் இரண்டு மூன்று செல் பிரிவுகளும் இந்தக் கட்டுச்சோற்றில்தான் ஓடுகின்றன. கருவின் சொந்த டி.என்.ஏ. ஏறக்குறைய மூடிய புத்தகம்.

இதை மனிதக் கருவில் காட்டியது 1988-இல் பிரௌட், போல்ட்டன், மூர் மூவரும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு. நச்சுக் காளானிலிருந்து கிடைக்கும் அமானிட்டின் படியெடுப்பை முடக்கும். அப்படி முடக்கினால் கரு எதுவரை போகும்? நாலு செல் வரை போய்விடுகிறது. அதுவரை பிரிவதற்குப் படியெடுப்பே தேவைப்படவில்லை. அதற்குப் பிறகுதான் தடை பலிக்கிறது. ஆக, 4 செல்லுக்கும் 8 செல்லுக்கும் இடையில் கரு தன் சொந்த அடுப்பை மூட்டுகிறது. ஒரு செல்லிலேயே சிறு அளவில் படியெடுப்பு தொடங்குகிறது என்று 2022-இல் தெரியவந்தது. ஆனாலும் பெரிய அலை மூன்றாம் நாளில்தான்.

எல்லா உயிருக்கும் இந்த நேரம் ஒன்றல்ல. சுண்டெலிக்கு 2 செல்லில். ஜீப்ரா மீனுக்கு முட்டையிட்ட சுமார் 3 மணி நேரத்தில், ஆயிரம் செல் வந்த பிறகு. ஆப்பிரிக்க நகத்தவளைக்கு 12 பிரிவுகள் முடிந்து சுமார் 4,000 செல்லில். எலியில் கண்ட கணக்கை மனிதக் கருவுக்கு அப்படியே பொருத்த முடியாது.

இந்தக் கைமாற்றத்தில் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். தாயின் பழைய ஆர்.என்.ஏ.க்களைச் சிதைத்து அகற்ற வேண்டும், கருவின் மரபணுக்களைத் திறக்க வேண்டும். பழையது போகாமல் புதியது வந்தாலும் கோளாறு, புதியது வராமல் பழையது தீர்ந்தாலும் கோளாறு. மூன்றாம் நாளில் நிற்கும் கரு இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதாக இருக்கலாம்.

சுவிட்ச் எப்படி இருக்கும்: பழ ஈயின் இரண்டாம் பட்டை

மனிதக் கருவில் இதையெல்லாம் தோண்டித் துருவ முடியாது. அதனால் துறை வளர்ந்தது பழ ஈயில். வாழைப்பழத்தின் மேல் மொய்க்கும் அதே சின்ன ஈ. 1995-இன் மருத்துவ நோபல் பரிசை எட்வர்ட் லூயிஸ், கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் மூவருக்கும் தந்தது இந்த ஈயின் கருதான்.

ஈயின் கருவில் முதல் 13 பிரிவுகளில் செல்களைப் பிரிக்கும் சவ்வே கிடையாது. உட்கருக்கள் மட்டும் இரட்டித்துக்கொண்டே போகும். தொடக்கத்தில் ஒரு சுற்றுக்கு 8, 9 நிமிடம்தான். பதினான்காவது சுற்றில் வேகம் குறைந்து, சுமார் 6,000 உட்கருக்களைச் சுற்றிச் சவ்வு எழும்பும். சொந்த மரபணுக்கள் பெருமளவில் திறப்பதும் அப்போதுதான். அந்த நேரத்தில் "ஈவன்-ஸ்கிப்ட்" என்ற மரபணு உடலின் குறுக்கே ஏழு பட்டைகளாக ஒளிரும். ஒவ்வொரு பட்டையும் சில செல் அகலம்தான்.

ஒரே மரபணு ஏழு இடத்தில் மட்டும் எப்படித் திறக்கிறது? மரபணுவுக்குப் பக்கத்தில் பட்டைகளுக்கென்று தனித்தனி டி.என்.ஏ. துண்டுகள் உண்டு. இரண்டாம் பட்டைக்கான துண்டு சுமார் 500 எழுத்து நீளம். அதில் நான்கு புரதங்கள் வந்து உட்காரும். பைகாய்டும் ஹஞ்ச்பேக்கும் "திற" என்கின்றன. முன்பக்கத்தில் ஜயன்ட்டும் பின்பக்கத்தில் க்ரூப்பெல்லும் "மூடு" என்கின்றன. முதல் இரண்டும் இருந்து, பின் இரண்டும் இல்லாத ஒரு குறுகிய இடுக்கில் மட்டும் மரபணு திறக்கிறது. அந்த இடுக்குதான் இரண்டாம் பட்டை. மரபணுவின் எழுத்தில் ஒன்றும் மாறவில்லை. யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதில்தான் முடிவு இருக்கிறது. மரபணுவை மட்டும் படித்து "நார்மல்" என்று எழுதித்தரும் சோதனை இந்த இடத்தில் கைவிரித்துவிடும்.

மனிதக் கருவில் முதலில் தட்டப்படும் சுவிட்சுகளில் ஒன்று டக்ஸ்4 என்ற மரபணு. 4 செல் கட்டத்தில் சில மணி நேரம் திறந்து, பிற மரபணுக்களைத் தட்டியெழுப்பிவிட்டு மூடிக்கொள்கிறது என்று 2017-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இதே மரபணு பெரியவர்களின் தசையில் தவறிப்போய்த் திறந்துகொண்டால் முகம், தோள்பட்டை, மேல்கைத் தசைகள் நலிந்துபோகும் நோய் வரும். மூன்றாம் நாளில் தேவைப்படுவது முப்பதாம் வயதில் நஞ்சு.

ஒரு மரபியலாளரின் காலைப் பொழுது

பெங்களூரின் ஈ ஆய்வகங்களில், ஜி.கே.வி.கே. வளாகத்தின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் உட்பட, இந்தத் துறையின் அடிப்படை வேலை கருவின் வயதை மணிக்கணக்கில் சரியாக அறிவதுதான். மாணவர்கள் முதல் வருடத்தில் கற்றுக்கொள்வதும், நடுவில் சறுக்குவதும் இதில்தான்.

1. கூண்டில் விட்ட ஈக்களுக்குத் திராட்சைச் சாறு கலந்த அகார் தட்டில் ஈஸ்ட் பசை தடவி வைப்பார்கள். முட்டை அதில் விழும்.
2. முதல் ஒரு மணி நேரத் தட்டைத் தூக்கி எறிய வேண்டும். பெண் ஈ கருவுற்ற முட்டையை வயிற்றில் நிறுத்தி வைத்திருக்கும். அது இப்போது விழுந்தாலும் வயது கூடியது. சோம்பலில் இதைச் சேர்த்தால் எல்லா முடிவும் குழம்பும்.
3. அடுத்த தட்டை 25 டிகிரியில் வயதாக்க வேண்டும். 18 டிகிரியில் வளர்ச்சி ஏறக்குறைய பாதி வேகம். டிசம்பரில் பெங்களூர் அறை வெப்பநிலையை நம்பினால் 2 மணி நேரக் கரு என்று நினைத்தது 1 மணி நேரக் கருவாக இருக்கும்.
4. பாதிக்குப் பாதி நீர் கலந்த பிளீச்சில் 2 நிமிடம் ஆட்டினால் வெளிஓடு கரையும். திறந்து பல வாரமான பாட்டில் என்றால் வீரியம் போயிருக்கும். ஓடு மிஞ்சும், சாயம் உள்ளே போகாது, "மரபணு திறக்கவில்லை" என்று பொய்யான முடிவு வரும்.
5. ஹெப்டேனும் 4 சதவீத ஃபார்மால்டிஹைடும் சம அளவில் விட்டு 20 நிமிடம் குலுக்கி, மெத்தனால் ஊற்றினால் உள்சவ்வு வெடித்துக் கழன்று நல்ல கருக்கள் அடியில் இறங்கும். நடுவில் மிதப்பவை ஆகாது.

அரை மணி நேரம் தவறினால் 13-ஆம் சுற்றும் 14-ஆம் சுற்றும் கலந்துவிடும். திறந்ததா திறக்கவில்லையா என்ற கேள்விக்கே விடை கிடைக்காது.

தாயின் மரபணு, மகளின் கரு

ஈயில் கண்ட இன்னொன்று நம் குடும்பங்களுக்கு நேராகப் பொருந்துகிறது. பைகாய்டின் ஆர்.என்.ஏ.வைத் தாய் ஈதான் முட்டையின் முன்முனையில் வைத்து அனுப்பும். பைகாய்டு மரபணுவின் இரு பிரதியும் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று) பழுதான பெண் ஈ பார்க்க நன்றாகவே இருக்கும், பறக்கும், முட்டையிடும். அதன் கருவுக்குத்தான் தலையும் மார்பும் வராது. தந்தை ஈ நல்ல பிரதியைக் கொடுத்தாலும் பயனில்லை, ஏனெனில் அது திறப்பதற்குள் காலம் கடந்துவிடும். இவற்றைத் தாய்வழி விளைவு மரபணுக்கள் என்கிறார்கள்.

மனிதரிலும் இவை உண்டு. 2016-இல் அறியப்பட்ட பேடி6 அப்படி ஒன்று. இதன் இரு பிரதியும் பழுதான பெண்ணின் முட்டை கருவுறும், சில பிரிவுகள் போகும், பிறகு எல்லாமே நிற்கும். டப்8 என்ற இன்னொன்றில் பல சமயம் முட்டை முதிர்வதே தடைப்படும்.

இங்கே ஒரு தவறான கணக்கு அடிக்கடி போடப்படுகிறது. "நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்யவில்லையே, பிறகு எப்படி?" என்பார்கள். பேடி6 போன்ற குறையில் அந்தத் தம்பதி சொந்தமா என்பது கேள்வியே அல்ல. அந்தப் பெண்ணின் அம்மாவும் அப்பாவும் சொந்தமா என்பதுதான் கேள்வி. தாய்மாமன் அக்கா மகளை மணந்து பிறந்த பெண்ணுக்கு, ஒரு மரபணுவின் இரு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பிறந்தவருக்குப் பதினாறில் ஒன்று. கேஸ் எழுதும் மருத்துவர் ஒரு தலைமுறை மேலே போய்க் கேட்க வேண்டும். பலர் கேட்பதில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள்.

குறை இருந்தும் மூன்று நாள் ஓடுவது எப்படி?

நின்றுபோகும் கருக்களில் மிகப் பெரும்பாலானவற்றில் குரோமோசோம் (மரபணுக்கள் அடங்கிய டி.என்.ஏ. கட்டு) எண்ணிக்கை தவறியிருக்கும். 46 இருக்க வேண்டிய இடத்தில் 45, 47, அல்லது செல்லுக்குச் செல் வேறு எண்ணிக்கை. ஒரு பகுதி முட்டை உருவாகும்போதே வந்தது; தாயின் வயது ஏற ஏறக் கூடும். இன்னொரு பகுதி கருவுற்ற பிறகு, முதல் சில பிரிவுகளில் நேர்ந்தது. அந்தப் பிரிவுகளில் தவறைப் பிடித்து நிறுத்தும் காவல் தளர்ந்திருக்கும், ஏனெனில் அதுவும் கட்டுச்சோற்றில் நடப்பதுதான்.

அப்படியானால் முதல் நாளே நிற்க வேண்டியதுதானே? இல்லை. கருவின் புத்தகம் மூடியிருக்கும் வரை பக்கம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? திறந்து படிக்கத் தொடங்கியதும்தான் பிசகு தெரியும். மூன்றாம் நாள் காலையில் அழகான 8 செல்லாகத் தெரிந்தது பொய்யல்ல. அது முட்டையின் கையிருப்பைப் பற்றிச் சொன்ன சேதி, கருவைப் பற்றியதல்ல.

தந்தையின் மரபணுக்களும் அப்போதுதான் படிக்கப்படுகின்றன. விந்தணுவின் டி.என்.ஏ. அதிகம் துண்டுபட்டிருந்தால் கருவுறுதலும் முதல் பிரிவுகளும் சரியாக நடந்து, மூன்றாம் நாளுக்குப் பிறகு சரிவு தெரியலாம். போதாததற்கு, முதல் பிரிவை நடத்தும் சென்ட்ரோசோம் என்ற செல் உறுப்பு வருவதே விந்தணுவிலிருந்து. "முட்டை சரியில்லை" என்று மட்டும் சொல்லி ஒரு பக்கத்தில் சுமையை இறக்கிவைப்பது அறிவியல் அல்ல.

பெங்களூரின் உயரமும் ஆய்வகத்தின் காற்றும்

ஆய்வகத்தின் தவறால் நிற்பதும் உண்டு. கரு வளரும் திரவத்தின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.2-க்கும் 7.4-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது இன்குபேட்டரில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம், அதாவது மொத்தக் காற்றழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு. திரையில் தெரியும் சதவீதமல்ல.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சென்னையின் பத்தில் ஒன்பது பங்கு. சென்னையில் 6 சதவீதத்தில் கிடைக்கும் அதே பிஎச் இங்கே வேண்டுமானால் சுமார் 6.7 வைக்க வேண்டும். 6-லேயே விட்டால் பிஎச் சுமார் 0.05 ஏறும். பார்க்க அற்பம்; ஆனால் அனுமதிக்கப்பட்ட இடைவெளி 0.2 தான், அதில் கால்வாசி போய்விடுகிறது. நல்ல எம்பிரியாலஜிஸ்ட் (ஆய்வகத்தில் கருவைக் கவனிப்பவர்) திரையை நம்பாமல் பிஎச்-சையே அளந்து எழுதிவைப்பார். ஆக்சிஜன் 5 சதவீதம், வெப்பம் 37 டிகிரி என்பவையும் அப்படியே.

இன்னொன்று உணவு. தொடக்கத்தில் கரு பைருவேட் என்ற சிறு மூலக்கூறை எரிக்கும், இறுகிய பிறகு குளுக்கோஸுக்கு மாறும். அதனால் சில இடங்களில் மூன்றாம் நாளில் திரவத்தை மாற்றுவார்கள், சில இடங்களில் ஒரே திரவம். இரண்டும் ஏற்கத்தக்கவையே, அதை வைத்து மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

எந்தச் சோதனை எதைச் சொல்லும்?

1. பிஜிடி-ஏ: ஐந்தாம் நாளை எட்டிய கருவின் வெளிப்புறத்திலிருந்து 5 முதல் 10 செல் எடுத்துக் குரோமோசோம் எண்ணுவது. சுவிட்சுகள் சரியாகத் தட்டப்பட்டனவா என்று இது பார்ப்பதில்லை. நின்றுபோனவற்றை வழக்கமாகச் சோதிப்பதும் இல்லை. ஆகவே "ஏன் நின்றது" என்ற கேள்விக்கு விடை தேடி இதற்குப் பணம் கட்டாதீர்கள்.
2. அந்த அறிக்கையில் எக்ஸ், ஒய் பற்றிய வரி இருக்காது. கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதை 1994-ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி சட்டம் தடுக்கிறது. அச்சுப்பிழை என்று நினைத்துக் கேட்கிறவர்கள் உண்டு.
3. தம்பதி இருவரின் கேரியோடைப்: குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கும் ரத்தச் சோதனை. இரண்டு சிகிச்சைச் சுழற்சியில் பெரும்பான்மைக் கருக்கள் நின்றால் செய்யத் தகுந்தது.
4. விந்தணு டி.என்.ஏ. துண்டாதல் சோதனை: கருவுற்று, மூன்றாம் நாளுக்குப் பிறகே திரும்பத் திரும்பச் சரிகிறது என்றால்.
5. பெண்ணின் எக்ஸோம் சோதனை (மரபணுக்களில் புரதம் செய்வதற்கான பகுதிகளைப் படிப்பது): ஒவ்வொரு சுழற்சியிலும் எல்லாமே ஒரே கட்டத்தில் நிற்கிறது, வயதும் குறைவு, பெற்றோர் சொந்தம் என்றால் இதை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். பேடி6 போன்ற பழுது உறுதியானால் திரவத்தை மாற்றுவதோ ஆறாவது சுழற்சியோ பலன் தராது. தானமுட்டை பற்றிப் பேச வேண்டிய கட்டம் அது.

மூன்றாம் நாளிலேயே கருப்பைக்குள் வைத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. இரண்டு மூன்று கருக்களே உள்ளபோது அதில் தவறில்லை. ஆனால் கரு தன் அடுப்பை மூட்டியதா என்று தெரியாமலே வைக்கிறோம், நின்றாலும் யார் கண்ணிலும் படாது.

ஒதுக்கப்பட்ட கரு எங்கே போகிறது?

ஒப்புதல் படிவத்தில், பயன்படாத கருவை அழித்துவிடலாமா, ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். அவசரத்தில் கையெழுத்து போட்டுக் கடந்துபோகும் வரி. பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் மனீஷா இனாம்தாரின் குழு 2009-இல் இரண்டு மனிதக் கரு ஸ்டெம் செல் வரிசைகளை, அதாவது எந்தச் செல்லாகவும் மாறவல்ல, ஆய்வகத்தில் பெருகிக்கொண்டே போகும் செல்களை, உருவாக்கியது. மூலப்பொருள், தரம் 3, அதாவது தரம் குறைந்தவை, என்று சொல்லி ஒதுக்கப்பட்ட கருக்கள். கருப்பைக்கு உதவாது என்று தள்ளப்பட்டவற்றின் உள்ளே சில செல்களின் சுவிட்சுகள் சரியாகவே வேலை செய்துகொண்டிருந்தன. அந்த வரிசைகளுக்கு பிஜேஎன்ஹெம்19, பிஜேஎன்ஹெம்20 என்று பெயர். பெயரின் முதல் எழுத்து நகரத்தைக் குறிப்பது.

ஆராய்ச்சிக்கென்று கொடுத்தாலும் 14 நாளுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்க இந்திய ஸ்டெம் செல் வழிகாட்டுதல்கள் இடம் தருவதில்லை. அதைத் திரும்பக் கருப்பைக்குள் வைக்கவும் கூடாது. நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும் தம்பதியின் தனி எழுத்து ஒப்புதலும் வேண்டும். சிகிச்சைக்குக் கொடுத்த கையெழுத்து அதற்குச் செல்லாது. படிவத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்திருந்தால் தனித்தாள் கேளுங்கள்.